செவலைக்கு நான் போட்ட காகிதம்

சங்கரன்கோவில்,
சித்திரை 28, ஞாயிறு.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிப்பதற்கு அதில் எனக்கு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாய். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எட்டு வருஷமாக நான் யாரிடமும் வாய் திறக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் அது வராது. அதனால்தான் பழைய பழக்கப்படி காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று பார். சிவகாசியில் நீ வேலை பார்க்கிற அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்குக் கீழே தினமும் மூட்டை மூட்டையாகக் காகிதத் துண்டு விழுகிறது. அதில் ஒரு பகுதியைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இங்கே அக்கா, உன் அம்மா, வைக்கோல் கட்டு விற்கிற விலைக்கு இரண்டு மாட்டையும் வைத்துச் சமாளிக்க முடியாமல் ஒன்றைக் கொடுத்துவிடலாமா என்று பேசுகிறாள். காகிதத்தை ஊற வைத்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தால் மாடு தின்னும்தானே என்பது உன் கேள்வி. கடைசியில் ஒன்று சொன்னாய்: "காகிதமும் செல்லுலோஸ், சோளத்தட்டையும் செல்லுலோஸ்னு ஒன்பதாம் வகுப்பில் நீங்கதானே மாமா சொல்லிக்கொடுத்தீங்க?"

சொல்லிக்கொடுத்தேன். அன்று கரும்பலகையில் மூன்று படம் போட்டேன், நினைவிருக்கிறதா? ஒரு சோளத்தட்டை, ஒரு நூல்கண்டு, ஒரு நோட்டுத் தாள். நம் கரிசல் காட்டில் விளைகிறது, நம் தெருவில் தறியில் ஓடுகிறது, உங்கள் பைக்குள் இருக்கிறது, மூன்றும் ஒரே பொருள் என்றேன். நமக்கு அது செரிக்காது, மாட்டுக்குச் செரிக்கும் என்றேன். பாடம் தப்பில்லை. பாடத்தை நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதுதான் தப்பு. மீதியை இப்போது சொல்கிறேன்.

உன் எண்ணம் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் நம் ரத வீதிகளில் ஒரு சுவர் பாக்கியிருக்காது. சுவரொட்டி ஒட்டிய மறுநாள் காலையில் பார்த்தால், மாடுகள் நாக்கை வளைத்து ஓரத்தைப் பிடித்து இழுத்து, முழுத் தாளையும் உரித்துத் தின்றுகொண்டிருக்கும். மைதாப் பசையின் ருசிக்குத்தான் முதலில் நாக்கை நீட்டுகின்றன. காகிதமும் கூடவே போகிறது. கழுதை காகிதம் தின்பதைச் சின்ன வயதில் நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். கழுதைக்கு அசை போடுகிற வயிறு கிடையாது, பெருங்குடலில் வைத்து நொதிக்க வைக்கிறது. மாடு அப்படி இல்லை. அதன் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்கிற ஒரு பானை. அந்தப் பானைக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் செல்லுலோஸை உடைக்கின்றன, மாடு அல்ல. மாடு அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுகிறது, அவை மாட்டுக்குத் தீனி போடுகின்றன.

பெரிய தேசங்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சுவீடன், பின்லாந்து, நார்வே தேசங்களுக்குக் கப்பல் போக்குவரத்து அடைபட்டது. வெளியிலிருந்து தீவனம் வருவது நின்றது. அவர்களுடைய மரக்கூழ் வெளியே போவதும் நின்றது. சும்மா நின்ற ஆலைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் என்றே மரக்கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். கால்நடைகள் பிழைத்தன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில், மலையாகக் குவிந்த பழைய செய்தித்தாளைத் தூளாக்கித் தீவனத்தில் கலந்து காளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் கலந்தபோது தின்றன. பங்கைக் கூட்டக் கூட்ட மாடு தின்பது குறைந்தது, எடை ஏறுவதும் குறைந்தது.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. முன்பே படித்திருந்தால் செவலை இருந்திருக்கும்.

செவலையை உனக்கு நன்றாக நினைவிருக்கும். தாத்தா காலமான வருஷம், தொழுவில் நின்ற கன்றுகளில் ஒன்றை அக்கா தானாகவே பிடித்து, "தம்பி, அப்பா நினைப்புக்கு இது உன் வீட்டில் நிற்கட்டும்" என்று கயிற்றை என் கையில் கொடுத்தாள். நீ எங்கள் வீட்டில் தங்கிப் படித்தபோது அதன் பாலைத்தான் குடித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் பையையே இறக்குவாய்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுவதற்கும் சராசரியைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நம் பக்கம் மானாவாரி முழுக்கக் கருகிப்போயிற்று. படப்பு வைக்க யாரிடமும் தட்டை இல்லை. அரசாங்கம் உலர் தீவனக் கிடங்கு திறந்து மலிவு விலையில் வைக்கோல் கொடுத்தது, ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் போய் வரிசையில் நிற்க எனக்குத் தோதுப்படவில்லை. சந்தையில் மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அழுதபடி பஸ் ஏறினவர்களைப் பார்த்தேன். செவலையை அப்படி விட்டுவிடக் கூடாது என்று மனசில் ஒரு வைராக்கியம். அப்போதுதான் எனக்கும் நீ கேட்ட அதே யோசனை வந்தது. செல்லுலோஸ்தானே!

தெரிந்தவர் ஒருவர் நோட்டுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளைத் தாளின் ஓரம் நறுக்கினது, கோணலாகத் தைத்ததால் ஒதுக்கினது எல்லாம் மூட்டையாகக் கொடுத்தார். நான் அறிவியல் வாத்தியார் ஆயிற்றே, கவனமாக இருக்கிறோம் என்ற நினைப்பு. வண்ண அட்டைகளைப் பிரித்துப் போட்டேன். கண்ணில் பட்ட பின்களை உருவினேன். மீதியைக் கழனித்தண்ணியில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, தவிடும் உளுந்தந்தூசியும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து வைத்தேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றது. இரண்டாம் நாள் தின்றது. ஒரு வாரத்தில் காடியை நக்கி எடுத்தது. எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வேன்! அத்தையிடம்கூட இதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன்.

ஒரு மாசத்தில் பால் இளகிவிட்டது. பால் சொசைட்டியில் கொழுப்பும் மற்ற திடச்சத்தும் இறங்கி, காசு குறைந்தது. சினை மாடு, பால் வற்றுகிற காலம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போது அதற்கு ஏழு மாசச் சினை. பிறகு தீனி எடுப்பது குறைந்தது. முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே அகட்டிக்கொண்டு நின்றது. படுக்கும்போது முனகியது. வாய்க்கால் சரிவில் இறங்கச் சொன்னால் இறங்காது. மாசி முடிவதற்குள் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நீர் கோத்து வீங்கி, கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "கம்பி ஏதும் தின்னுச்சா சார்?" என்றார்.

ஆறாம் நாள் செத்துப்போயிற்று. நீ முழுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. டாக்டர் வயிற்றைத் திறந்து காட்டினார். பெருவயிற்றுக்கு முன்னால் தேன்கூடு மாதிரி அறை அறையாக ஒரு சின்ன வயிறு இருக்கிறது. கனமான பொருள் எதை விழுங்கினாலும் அங்கே போய்த் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு தசைத் திரை மட்டும். சினை வளர வளரக் கருப்பை பின்னாலிருந்து நெருக்கும். உள்ளே கூரான பொருள் இருந்தால் அது முன்னால் நகர்ந்து, திரையைத் துளைத்து, இதயத்தைச் சுற்றியுள்ள பையில் போய்க் குத்தும். செவலைக்கு நடந்தது அதுதான். இரண்டு அங்குலக் கம்பி, ஒரு முனை கறுத்திருந்தது. காகித பண்டலைக் கட்டிவருகிற கம்பியின் துண்டு. அதே கம்பித் துண்டு இன்னும் இரண்டு, வீட்டில் சாக்கின் அடியில் கிடந்ததைப் பிறகு பார்த்தேன். தேன்கூட்டு வயிற்றின் மடிப்புகளில் நோட்டுத் தைக்கிற பின்கள் ஒரு கைப்பிடி. பெருவயிற்றில் அட்டையின் மேல் ஒட்டுகிற பளபளப்புத் தாள், கரையாமல், வெற்றிலைச் சுருள் மாதிரி சுருண்டு கிடந்தது. நான் பிரித்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்த அதே தாள். கன்று முழுசாக உருவாகியிருந்தது, கிடாரி.

அக்காவிடம் வயிறு உப்பிச் செத்துவிட்டது என்று சொன்னேன். இன்று வரை அவள் அதைத்தான் நம்புகிறாள்.

மாடு வாயில் வாங்கும்போது ஆடு மாதிரி உதட்டால் பிரித்து எடுக்காது. நாக்கால் சுழற்றி வாரி விழுங்கிவிட்டு, பிறகுதான் அசை போடும். கல்லா கம்பியா என்று அதற்குத் தெரியாது. நாம் பிசைந்து வைத்தால் இன்னும் தெரியாது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்த செய்தியைப் படித்தபோது எனக்குச் செவலையின் காடிதான் கண் முன் வந்தது. அந்தப் பசு குப்பைமேட்டில் தானாக மேய்ந்தது. என்னுடையதற்கு நானே கையால் ஊட்டினேன்.

கம்பியை மட்டும் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட்டால் போதுமா என்று நீ கேட்கலாம். அச்சகத்துப் பையன் நீ, அதற்கு வழி கண்டுபிடிப்பாய். அதனால் மற்றதையும் சொல்கிறேன்.

காகிதம் என்று ஒரே பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றில்லை. செய்தித்தாள் செய்ய மரத்தை அப்படியே அரைக்கிறார்கள். மரத்தில் செல்லுலோஸோடு லிக்னின் என்று ஒரு பொருள், செங்கல்லுக்கு நடுவில் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடக்கும். அது செய்தித்தாளிலும் அப்படியே இருக்கிறது. வெயிலில் போட்ட பேப்பர் இரண்டு நாளில் மஞ்சளாவது அதனால்தான். அந்தக் காரையைத் தாண்டி நுண்ணுயிர்களால் உள்ளே போக முடியாது. மூன்றில் ஒரு பங்கு செரித்தால் பெரிசு, வைக்கோல்கூட அதைவிட மேல். நோட்டுத் தாள், எழுதுகிற வெள்ளைத் தாள் வேறு ஜாதி. ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினைக் கழற்றிவிட்ட கூழ் அது, முக்கால் பங்குக்கு மேல்கூடச் செரிக்கும். கரூர் காகிதபுரத்தில் இருக்கிற நம் அரசு ஆலை முக்கியமாகக் கரும்புச் சக்கையிலிருந்து தாள் எடுக்கிறது. அந்தச் சக்கையையும் மாட்டுக்குப் போடுகிற ஊர்கள் உண்டு. ஆக, வெள்ளைத் தாளைப் பொறுத்தவரை உன் கணக்கு சரி.

ஆனால் இதையும் யோசித்துப் பார். அச்சடிக்காத வெள்ளைக் கட்டிங்கை உன் முதலாளி சும்மா கொடுக்கிறாரா? கொடுக்க மாட்டார். அதைக் காகித ஆலைக்காரர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உன்னிடம் சும்மா எடுத்துக்கொள் என்று சொல்வது ஆலைக்காரரே வேண்டாம் என்று ஒதுக்குகிறது. காலண்டரின் வழவழப்புத் தாள், லேமினேஷன் ஓரம், தங்க ரேக்கு அச்சிட்ட பத்திரிகை, பைண்டிங் பசை காய்ந்த முதுகு, கலர் சரிபார்க்க ஓட்டிக் கழித்த தாள். வழவழப்புத் தாளின் மேல் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசியிருக்கும், எடையில் கால் பங்குக்கு மேலும் அதுவே இருக்கலாம். மாட்டுக்கு அது மண் தின்கிற மாதிரி. உனக்கு இலவசமாகக் கிடைக்கிற மூட்டையில் மாடு தின்னத் தகுந்தது இருக்காது மருமகனே, தகுந்தது இருந்தால் அது இலவசமாக வராது.

அதற்கு மேல் மை. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மைகளில் ஈயம் சேர்ந்த நிறமிகள் வெகுகாலம் புழங்கின. 1977-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செம்மறிகளுக்கு வண்ணப் பத்திரிகைத் தாளையும் செய்தித்தாளையும் கலந்து கொடுத்து, பிறகு உடலுறுப்புகளைச் சோதித்தார்கள். ஈயம் ஏறியிருந்தது. இப்போது நல்ல கம்பெனி மைகளில் ஈயம் குறைந்திருக்கிறது, ஆனால் உன் மூட்டையில் எந்த மை என்று நீயே சொல்ல முடியுமா? மையைக் கரைக்கிற கனிம எண்ணெய் இருக்கிறது. கடை பில் அடிக்கிற வெப்பத் தாளில் பிஸ்பினால் இருக்கிறது. கார்பன் வைக்காமல் நகல் விழுகிற தாளில் 1971 வரை பி.சி.பி. என்ற நஞ்சையே பூசியிருந்தார்கள், பழைய காகிதத்தை அரைத்துப் புதுக் காகிதம் செய்தபோது அது அங்கங்கே பரவியது. எண்ணெயில் கரைகிற நஞ்சு மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலின் கொழுப்போடு வெளியே வரும். ஈயம் எலும்பில் போய்ப் பதுங்கும். பால் கொடுக்கிற மாடு எலும்பிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து மடிக்கு அனுப்புகிறது, கூடவே ஈயமும் கிளம்பும்.

வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதே என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொன்னது. 2018-இல் விதியாகவே போட்டது. 2023-இல் மறுபடியும் எச்சரித்தது. ஒரு நிமிஷம் வடையைத் தொட்ட மைக்கே அவ்வளவு கவலை. அக்காவின் மாட்டுப் பால் சொசைட்டி கேனில் போய் விழுந்து, யார் யார் வீட்டுப் பிள்ளைக்கோ போகிறது. 2017-இல் இரண்டு மாசம் நான் ஊற்றிய பாலை எந்தக் குழந்தைகள் குடித்தன என்று எனக்குத் தெரியாது. நீயும் குடித்தாய். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

இனி சத்து. முந்நூற்றைம்பது கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் சுமார் பத்து கிலோ தீனி வேண்டும். அதில் நூற்றுக்கு ஏழு பங்காவது புரதம் இல்லையென்றால் பெருவயிற்றின் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும், பிறகு எவ்வளவு நல்ல செல்லுலோஸ் போட்டாலும் அப்படியே கிடக்கும். கறவைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். சோளத்தட்டையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு இருக்கும். உளுந்தங்கொடியில் அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். காகிதத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. பாஸ்பரஸ் இல்லை, பச்சையில் வருகிற வைட்டமின் ஏ இல்லை. வயிறு நிறைந்து மாடு படுத்திருக்கும், உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். செவலையின் பால் இளகினது அப்படித்தான். இன்னொன்று, ஊறின காகிதம் கூழாகிவிடுகிறது. தட்டை மாதிரி வயிற்றுச் சுவரை உராய்ந்து அசை போட வைக்கிற முரட்டுத்தனம் அதற்கு இல்லை. அசை போடாத மாட்டுக்கு எச்சில் ஊறாது, எச்சில் ஊறாவிட்டால் வயிற்றில் புளிப்பு ஏறும். செவலை கடைசி ஒரு மாசம் அசை போடுவது குறைந்திருந்ததை நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

கொஞ்சம் யூரியா கலந்தால் புரதக் கணக்கு சரியாகும் என்று யாராவது உனக்குச் சொல்லக்கூடும். வைக்கோலுக்கு அது நல்ல முறைதான். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்து, திறந்து வாடை போக ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு மாசத்துக்குக் கீழே உள்ள கன்றுக்குக் கூடவே கூடாது. ஊற வைத்த காகிதத்தில் கண்ணளவில் ஒரு கை போட்டுப் பிசைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாடு நுரை தள்ளி விழுந்துவிடலாம். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால் செய்து காட்டுவார்கள். அக்காவை ஒரு நாள் அங்கே கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உன் அம்மாவை நடுத் தெருவில் விட நான் தயாரில்லை. அதனால் நேற்று ஒரு வேலை செய்தேன். குருவிகுளம் பக்கம் மக்காச்சோளம் போட்டவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நம் சுற்று வட்டாரம் முழுக்க இப்போது மக்காச்சோளம்தான். கதிரை ஒடித்ததும் தட்டையைக் காட்டிலேயே கொளுத்துகிறார்கள், இல்லையென்றால் உழுதுவிடுகிறார்கள். வைக்கோலுக்குக் கை நீட்டி நிற்கிற அதே ஊரில்! இவர் படப்பு வைத்திருந்தார். தனக்குத் தேவை போக மீதியைக் கொடுக்கச் சம்மதித்தார், வண்டிக் கூலி நம்முடையது. அப்படியே போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப்போடும். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால் மிச்சம் வராது. நறுக்குகிற இயந்திரம் பக்கத்துத் தெருவில் ஒருவர் வைத்திருக்கிறார், வாடகைக்குத் தருவார்.

அதோடு கிணற்றடியில் சும்மா கிடக்கிற பத்து சென்டில் கோ.எப்.எஸ். 29 சோளம் விதைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை விதைத்தால் பல அறுப்பு வரும். பூக்கிற பருவத்தில்தான் அறுக்க வேண்டும். இளம் பயிரை, அதுவும் வாடின இளம் பயிரைப் போட்டால் விஷம், இது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும். உளுந்து எடுக்கிற காலத்தில் கொடியை யாருக்கும் கொடுக்காமல் சேர்த்து வைக்க வேண்டும். நீ மூட்டையை வண்டியில் ஏற்றி அனுப்புகிற செலவை மாசாமாசம் அம்மாவுக்குப் பருத்திக்கொட்டைக்கு அனுப்பு. இரண்டு மாடும் நிற்கும்.

உன் அச்சகத்தில் ஒரு உபகாரம் செய். கழிவுக் காகிதத்தை ஏற்றுகிற இடத்தில் கம்பியும் பின்னும் தனியாகப் போட ஒரு டின் வைக்கச் சொல். மூட்டை வாசலில் கிடந்தால் தெரு மாடு வந்து வாய் வைக்காமல் மூடச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் அம்மன் பெயரே கோமதி. ஆவுடையம்மாள் என்றும் சொல்வார்கள். தேவமகளிர் பசுக்களாக வந்து சூழ நின்று தவம் செய்தவள் என்று கதை. செவலை போனதிலிருந்து தபசுக் காட்சி அன்று கூட்டத்தில் நின்று, எல்லாரும் பருத்தியும் வத்தலும் சூறை விடும்போது என் கை மட்டும் மேலே போனதில்லை. அத்தை கேட்டால் தோள் வலி என்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தட்டை ஏற்ற வண்டி பேசியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறி வந்துவிடு. கட்டுவதற்கு நல்ல கயிறு ஒரு சுருள் வேண்டும், கம்பி வேண்டாம். இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டு வா. தட்டையை இறக்கினதும் அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். என்னால் முடியாமல் போனால் நீ வாசித்துக் காட்டு, நான் தொழுவில் நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா